ஓர் அட்டைக்கு முப்பத்திரண்டு

வேம்படிப்பேட்டை தாய்சேய் நல நிலையத்தில் ஓர் அட்டைக்கு முப்பத்திரண்டு பல்தான் அனுமதி. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதனால் பிள்ளைக்கு ஒரு பல் முளைக்க வேண்டுமென்றால் தாய் ஒரு பல்லை ஒப்படைக்க வேண்டும். தடுப்பூசி புதன்கிழமை, பல் வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமை ஜோதிமலர் காலை எட்டு மணிக்கெல்லாம் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டாள். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. ஊரில் ஜோதிமலரைப்போல் ஜாக்கெட் தைக்க ஆளில்லை. கத்தரிக்கோலைத் துணிக்குத்தான் எடுப்பாள். நூலுக்குக் கீழ் முன்பல்தான். தைத்து முடித்த கையோடு குனிந்து ஒரு கடி, நறுக்கென்று அறுந்துவிடும். அந்தப் பல்லை மட்டும் கொடுப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொடுப்பதற்கு வேறொன்று வைத்திருந்தாள்: ஆறு மாதமாக உயிரை வாங்கும் கடைவாய்ப்பல்.

எஸ்தர் சிஸ்டர் குழந்தையின் ஈறைத் தடவிப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கீழ் முன்பல்லும்மா வருது. நீங்களும் அதையேதான் தரணும். கடைவாய்ப்பல்ல வாங்கி முன்னாடி வச்சா, பிள்ளை வாய மூட வேணாமா?"

நியாயம்தான். தனக்கே அது நியாயமாகப் பட்டதுதான் ஜோதிமலருக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்ப இந்தக் கடைவாய்ப்பல்லுக்கு வைத்தியமாவது பாருங்க சிஸ்டர். சோறு மெல்ல முடியல."

"பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் வர்றப்ப பாப்போம். நல்லாக்கிட்டுத்தான் எடுப்போம். வலிக்கிற பல்லையா பெத்த பிள்ளைக்குக் குடுப்பீங்க?"

பெஞ்சிலிருந்த தாய்மார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் பொக்கை வாய்க்காரர்கள். ஜோதிமலருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தாள். "அவருக்கும் முப்பத்திரண்டு இருக்கே சிஸ்டர்?"

அவர் என்பது வாசலில் நின்று கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் முருகவேல். சிஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், மெய்யாகவே தேடினார். "அவர் பேருக்கு இதுல இடமே இல்லையேம்மா."

"இருந்தா குடுத்திருப்பேன்ல," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு முருகவேல் இன்னொரு துண்டைக் கடித்தான்.

பல் டாக்டர் நல்ல கைராசிக்காரர். ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டார். ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. ஆனாலும் ஜோதிமலர் அழுதாள். பதினேழு வயதிலிருந்து கூடவே உழைத்த பல் அது.

மறுநாள் காலையில் குழந்தைக்கு முளைத்துவிட்டது. ஜோதிமலர் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்: ஓரத்தில் நூல் உரசி விழுந்த அதே சின்னப் பள்ளம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு ஜாக்கெட் கை தைத்தாள். தைத்து முடித்ததும் பழக்கத்தில் குனிந்தாள். நூல் பல்லில்லாத சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று தடவையும் போனது. கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டியபோதுதான், குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதைக் கண்டாள். நூலை அதன் வாயருகே கொண்டுபோனாள்.

நறுக்.

புதன்கிழமை தடுப்பூசிக்குப் போனபோது, திட்டு விழுமோ என்ற பயத்தோடு சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் அவர்களுடைய அட்டையைப் பிரித்தார். பெண் பிள்ளைகளுக்கான ரோஸ் அட்டை அது. அதில், உட்கார்தலுக்குக் கீழே, தவழ்தலுக்கு மேலே, 'தாயின் வேலையைத் தொடங்குதல்' என்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தது.

"எட்டாம் மாசம். வயசுக்கேத்த வளர்ச்சிம்மா," என்று சொல்லி, சிஸ்டர் அதில் டிக் அடித்தார்.