சம்பந்தி எடுத்த டிக்கெட்

அன்றைக்கு அந்தக் கேட்டின் முன்னால் இருந்தவர்கள் இவர்கள்: உத்தனப்பள்ளி சென்னகிருஷ்ணன், அவர் மனைவி வெங்கடம்மாள், அவர் தங்கை நாராயணம்மா, தை மாதம் கல்யாணமான மகள் மஞ்சுளா, மருமகன் முனிராஜ், ஓசூர் சம்பந்தி பெருமாள், அவர் மனைவி பூவம்மாள். வேன் ஓட்டிய சென்றாயனும் வந்தான்தான். ஆனால் வண்டியைப் புங்கமர நிழலில் விட்டதும் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தவன், திரும்பிக் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. அவனைச் சாட்சியாக யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

சென்னகிருஷ்ணன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுத்த இடத்தில், அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை, பெண்ணைப் பெற்றவன் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டான். சம்பந்தி காசில் ஒரு பாக்குத்துண்டுகூட வாயில் போட மாட்டான். அவருடைய அப்பா அப்படித்தான் இருந்தார். தாத்தாவோ, மகளைப் பார்க்கச் சூளகிரிவரை நடந்து போய், வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு, ஊர்க் கிணற்றில் இறைத்துக் குடித்துவிட்டுத் திரும்பியவர். இதில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உள்ளதைச் சொல்வதுதான்.

பெருமாளுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஷிப்ட் முடிந்து வரும் ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே பழகிய கை அவருக்கு. வழக்கத்தை எடுத்துச் சொன்னால் குத்திக்காட்டியதுபோல் ஆகிவிடும் என்று சென்னகிருஷ்ணன் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக விரதம் இருந்தார். சம்பந்தி வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு விரதம் வந்து சேர்ந்தது.

பெங்களூர் சாலையை ஒட்டிப் புதிதாகத் திறந்திருந்த அந்தப் பூங்காவைப் பற்றி மஞ்சுளா ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மாடி உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கி விழலாமாம். மே மாத வெயிலுக்கு அது நல்ல பேச்சாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்கும் போனதில்லை. போகலாம் என்று முடிவானது. வேனைச் சென்னகிருஷ்ணன் பேசி முடித்துவிட்டார். டிக்கெட்டும் தன் கையால்தான் என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார்.

அத்திப்பள்ளியில் வேன் நின்றது. பெருமாள் குதித்து இறங்கி எல்லோருக்கும் காபி சொன்னார்.

"எனக்கு வாணாம் சம்பந்தி. வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றார் சென்னகிருஷ்ணன்.

"காலையில எங்கூட ஆறு இட்லி தின்ன வயிறுதான அது" என்றாள் நாராயணம்மா. "ஓசூர் தாண்டினதும் அண்ணனுக்கு வயிறு கெட்டுப்போவுது."

அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையில் வேறு யாருடைய காபியாக இருந்தாலும் ஆறிப்போயிருக்கும். நாராயணம்மா அண்ணனுடைய டம்ளரையும் சேர்த்துக் குடித்தாள். பெருமாளின் முகம் சுருங்கியது.

பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று சென்னகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரியும். கண்டக்டர் பக்கம் உட்கார வேண்டும். மற்றவன் பைக்குள் கை விடும்போது அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சில்லறை இருக்குது, சில்லறை இருக்குது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இங்கே கண்டக்டர் இல்லை, கவுண்டர்தான். அதற்கும் ஒரு வழி இருந்தது.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறன்" என்று சொல்லிவிட்டு, கட்டிடத்தைச் சுற்றிப் போய், பின்பக்கத்துக் கவுண்டரில் நின்று ஏழு டிக்கெட் வாங்கினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார்.

எதிரில் பெருமாளும் வந்துகொண்டிருந்தார். அவர், வேனை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறானா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். அவர் கையிலும் ஏழு டிக்கெட்.

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். பதினான்கு டிக்கெட்டுகளையும் வெங்கடம்மாள் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணுக்குப் போனவரு இதையா வாங்கிக்கினு வந்தீங்க?"

விற்ற டிக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கவுண்டரின் மேலேயே எழுதியிருந்தது. முனிராஜ் அதை வாசித்துக் காட்டினான்.

"சரி, போனது போவட்டும்" என்றார் சென்னகிருஷ்ணன். "என் டிக்கெட்டுல எல்லாரும் உள்ள போலாம்."

"அதெப்படி சம்பந்தி. வேன் உங்கது. டிக்கெட் எங்கது."

"மாட்டன்."

"நானும் மாட்டன்."

வெயில் ஏறியது. உள்ளேயிருந்து தண்ணீர் விழும் சத்தமும் பிள்ளைகள் கத்தும் சத்தமும் வந்தன. அவரவர் டிக்கெட்டில் அவரவர் போகலாமே என்றான் முனிராஜ். நல்ல யோசனைதான். ஆனால் மஞ்சுளா எந்தப் பக்கம்?

"அவ எம் பொண்ணு."

"எங்க வீட்டு மருமவ."

விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை. சம்பந்தி டிக்கெட்டில் மகள் உள்ளே போனால், பெற்றவன் கை கீழே போனதாக ஆகும் என்று சென்னகிருஷ்ணன் நினைத்தார். மருமகளுக்குக்கூட ஒரு டிக்கெட் எடுக்க முடியாதவனா நான் என்று பெருமாள் நினைத்தார். அதை அவர் முகத்திலேயே படிக்க முடிந்தது.

மஞ்சுளா அப்பா கையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தாள். மாமனார் கையிலிருந்து ஒன்றை எடுத்தாள். விறுவிறுவென்று போய் இரண்டையும் கேட்காரனிடம் நீட்டினாள்.

"ஒப்பரிகெ ஒந்து சாக்கம்மா" என்றான் அவன் கன்னடத்தில், ஓர் ஆளுக்கு ஒன்று போதுமே என்று.

"எரடூ ஹரிரி" என்றாள் மஞ்சுளா, இரண்டையும் கிழியுங்கள் என்று.

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டையும் கிழித்தான். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று போக, இன்னும் ஆறு டிக்கெட் மிச்சம். கிழித்துப்போட மனசு வராது. விற்பதோ நினைக்கவே கூடாத காரியம். அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சென்னகிருஷ்ணன் பார்த்தார். கருப்பசாமி, அவன் மனைவி பேச்சியம்மாள், நான்கு பிள்ளைகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள். பொருட்காட்சி மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்து, கட்டணத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

தன்னிடம் மிஞ்சிய மூன்றோடு பெருமாளிடம் மிஞ்சிய மூன்றையும் சேர்த்து, சென்னகிருஷ்ணன் ஆறு டிக்கெட்டையும் நீட்டினார்.

"சும்மா வாங்கமாட்டேன் அய்யா" என்றான் கருப்பசாமி. "ஒருத்தர்ட்டயும் சும்மா கை நீட்டி எங்களுக்குப் பழக்கம் கெடையாது. என்ன ரூவான்னு சொல்லுங்க. முடிஞ்சா தாரேன்."

"காசு வாணாம்பா. இதுல என்ன இருக்குது."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து பெருமாள் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல். கருப்பசாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதம் அவருக்கு நன்றாகப் பழக்கமான ஒன்றாக இருந்தது. அவன்மேல் எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது.

பேச்சியம்மாள்தான் வழி சொன்னாள். "அப்பம் எங்க புளிச்சோத்துல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. உள்ள சோத்த விடமாட்டாங்களாம். தட்டாதீங்க."

சென்னகிருஷ்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். டிக்கெட்டுகள் கை மாறின.

தலை நிமிர்ந்தபோது பெருமாள் எதிரில் நின்றார்.

"வயிறு சரியாப் போச்சுங்களா சம்பந்தி?" என்றார். குரல் கேலியாக ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது. "ஊரு பேரு தெரியாதவரு சோத்தத் தின்னலாம். நான் வாங்கிக் குடுத்தா மட்டும் விரதம். எங்க காசு அவ்ளோ கேவலமாப் போச்சா?"

இதற்குமேல் மறைத்தால் அது வழக்கமாகாது, பொய்யாகும். சென்னகிருஷ்ணன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாத்தா சூளகிரிக்கு நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

பூவம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் கைப்பக்குவம் புடிக்கலன்னு நெனச்சி, மூணு மாசமா கொழம்புல உப்பக் கொறச்சிக்கினே வர்றன். எங்க வூட்டுல யாரும் வாய்க்கு ருசியாத் தின்னு மூணு மாசம் ஆச்சு."

முனிராஜ் அதை ஆமோதித்த வேகத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இத மொதல்லயே சொல்லி இருந்தா காபி டம்ளரத் தூக்கிக்கினு உங்க பின்னாடி வந்திருப்பனா?" என்றார் பெருமாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்த சுருக்கம் போயிருந்தது. கொஞ்சம் யோசித்தார். "எங்க கம்பெனியில ஷிப்ட் மாத்திக்குவாங்க. இவன் டூட்டிய அவன் பாப்பான், அவன் டூட்டிய இவன் பாப்பான். யாருக்கும் யாரும் குடுத்ததா ஆவாது. அது மாத்தல். உங்க டிக்கெட்ட எங்களுக்குக் குடுங்க, எங்கத நீங்க எடுத்துக்குங்க."

சென்னகிருஷ்ணன் அதை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். அப்பாவையும் தாத்தாவையும் மனத்தில் நிறுத்திக் கேட்டார். இரண்டு பேரும் டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல, ஒன்றும் சொல்லவில்லை.

"மாத்திக்கலாம்" என்றார்.

மூன்று டிக்கெட்டைக் கொடுத்தார், மூன்று டிக்கெட்டை வாங்கினார். மனைவிக்கும் தங்கைக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, சம்பந்தி எடுத்த டிக்கெட்டில், சம்பந்திக்கு ஓர் அடி முன்னால், கேட்டுக்குள் நடந்தார்.

உத்தனப்பள்ளி சென்னகிருஷ்ணன் பூங்கா வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றார், போலீஸ் பிடித்துக்கொண்டது, சம்பந்திதான் பேசி மீட்டார் என்று ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஒரு டிக்கெட்டும் விற்கப்படவில்லை. போலீஸ் யாரும் வரவில்லை.