பன்னிரண்டாம் தேதி வரை

குமராட்சியிலிருந்து மினிபஸ் பிடித்து, சிதம்பரம் கீழவீதி மாடியில் இருக்கும் ஆடிட்டர் தில்லைநாதனின் அலுவலகத்துக்கு மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தாள் இளவரசி. பத்தாவதோடு நின்றவள். கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனிக்காரரின் வங்கி அறிக்கை இணையத்திலிருந்து பிடிஎஃப்பாக வரும். அதை வரிவரியாகப் பார்த்து டேலி கணக்கு மென்பொருளில் அடிப்பதுதான் வேலை.

ஒருநாள் வங்கியின் இணையப் பக்கத்தில், பிடிஎஃப்புக்குக் கீழே சிஎஸ்வி என்று இன்னொரு பட்டன் இருப்பதைப் பார்த்தாள். அதை இறக்கி, எக்செல் தாளாக்கி, டேலிக்குள் ஏற்றினால் நான்கு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரே ஒரு கோளாறு. ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறிக்கொண்டன. பிப்ரவரி ஐந்து, மே இரண்டாகிவிட்டது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதற்குமேல் எல்லாம் சரியாக இருந்தது. கோப்பைத் திறக்கும்போதே, நாள்தான் முதலில் வருகிறது என்று எக்செல்லிடம் சொல்லிவிட்டால் போதும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இனியாவது டைப் அடிக்கிற பெண் என்று சொல்லாமல் கணக்குப் பார்க்கிற நாற்காலியில் உட்காரவைப்பார் என்று நம்பித்தான் சாரிடம் காட்டினாள்.

"அட, ஊமையாட்டம் இருந்துகிட்டு என்னா வேல பண்ணியிருக்க!"

அடுத்த திங்கட்கிழமை அவருடைய அக்கா மகள் வினோதினி கடலூரிலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவளுக்குச் சொல்லிக் குடும்மா."

சொல்லிக்கொடுத்தாள். "அக்கா, இந்தத் தேதி மட்டும்..."

"தேதி பாக்கத் தெரியாமயா பி.காம் முடிச்சேன்? அடுத்தத காட்டு."

இளவரசி அடுத்ததைக் காட்டினாள்.

மார்ச் கடைசியில் சார் கூப்பிட்டார். "இனிமே அடிக்கிறதுக்கு ஒன்னும் இல்லியேம்மா. நீதான பத்து நிமிசம்னு காட்டுன? வேற எடம் பாத்துக்க."

பத்து நாள் கழித்து, துணி பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சாரின் பெயர். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நாளைக்கு முதல் மினிபஸ்ஸையே பிடித்துவிடலாம்.

"ஐஸ் கம்பெனிக்காரன் கத்துறான்மா. மார்ச்சு வரவெல்லாம் மே, ஜூன்னு கெடக்குது. என்னாத்த சொல்லிக்குடுத்துத் தொலைச்ச?"

சொல்ல வந்ததைச் சொல்லவிடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கே அழுத்தி, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

"வந்துடுச்சு மாமா!" பின்னால் வினோதினியின் குரல் கேட்டது.

"சரி, வெச்சிடறேன்."

பேசிய நேரம் இரண்டு நிமிடம் என்று போன் காட்டியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.