மிலிட்டரிக்காரர் தோப்பு அணில்

தப்பு என்ற சொல் தங்கச்சாமி வாயிலிருந்து வந்து அங்காளம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷன். பஸ் மாறி ஏறி ராஜபாளையத்தில் போய் இறங்கினால்கூட, "இங்கயும் ஒரு சோலி கெடந்துச்சு" என்பாரே தவிர, மாறி ஏறிவிட்டேன் என்று சொல்லமாட்டார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த அம்மாளும் ஆமாம் என்று கேட்டுக்கொள்வாள்.

அவருக்கு ஃபேஸ்புக்கில் ஒரே ஒரு பக்கம்தான் உயிர். ராஜபாளையத்துப் பெண் ஷெரின் மலையடிவாரத்து விலங்குகளுக்காக நடத்துகிற பக்கம் அது. யானை எந்தத் தோப்பில் இறங்கியது, ரோட்டில் அடிபட்ட மரநாய் பிழைத்ததா என்று காலைக் காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிடுவார். பார்த்தோமா போனோமா என்று இருக்கமாட்டார். அடியில் நாலு வரி எழுதினால்தான் காப்பி உள்ளே இறங்கும்.

கான்சாபுரத்தில் அவருடைய மாந்தோப்பில் சாம்பல் மலை அணில் ஒன்று கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. ஷெரினை அவரேதான் கூப்பிட்டார். அவள் எட்ட நின்று படம் எடுத்தாள்.

"இடத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க அங்கிள். கூட்டம் கூடுச்சுன்னா தாய் மிரண்டு போயிரும், குட்டி பொழைக்காது."

"பட்டாளத்துக்காரன்கிட்டயா ரகசியத்தப் பத்திச் சொல்ற?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

படம் வந்தது. ஊர் பேர் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். தங்கச்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து வல்லரசு என்று எவனோ ஒருவன், "இது சேத்தூர்ப் பக்கம் எடுத்தது. எனக்கு நல்லாத் தெரியும்" என்று எழுதினான். அதற்கு எத்தனை லைக்!

என் மரம், என் அணில், சேத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக இவன் யார்? மண்டை காய்ந்துவிட்டது அவருக்கு. விரல் அதுபாட்டுக்கு ஓடியது. "தவறு. கான்சாபுரம். கண்மாய்க்குத் தெற்கே என் தோப்பு. கிணற்றை ஒட்டிய மாமரம். சந்தேகம் இருந்தால் நேரில் வரவும்."

வரவும் என்றால் வராமல் இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் பைக்காக வந்து இறங்கினார்கள். அந்தச் சத்தத்திலேயே தாய் அணில் பக்கத்துப் புளியமரத்துக்குத் தாவிவிட்டது. கூடு உச்சாணியில் இலைக்குள் இருந்ததால் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. கை தட்டினார்கள், விசிலடித்தார்கள், கல்லும் எறிந்தார்கள். தங்கச்சாமி கம்பை எடுத்து வந்து விரட்டிய பிறகுதான் கிளம்பினார்கள்.

"நாளைக்கு வெள்ளன வந்து பாப்போம்லே" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே போனான்.

ஷெரின் போனில் அழாத குறை. "நான் எழுதுனத அழிச்சிட்டேம்மா" என்றார் இவர்.

"அழிச்சு என்ன அங்கிள்? அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்லயும் போட்டுட்டாங்க. நாளைக்கும் வருவாங்க. தாய் கூட்டுக்குத் திரும்பாது."

கிணற்றடியில் உட்கார்ந்தார். புளியமரத்தில் தாய் விடாமல் கத்தியது. கூட்டில் சத்தமே இல்லை. போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"நான் சொன்னது தப்பு. படத்தில் இருப்பது என் தோப்பு மரம் இல்லை. வயசாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. வல்லரசு தம்பி சொன்னதுதான் சரி."

தோள்வழியாக எட்டிப் பார்த்த அங்காளம்மாள் இரண்டு தடவை படித்தாள். "தப்புன்னு எழுதியிருக்கீக."

"ம்."

"அம்புட்டுப் பேரும் சேத்தூருக்குப் போயிருவாகளே?"

"எந்தத் தோப்பு, எந்த மரம்னு அவிய கண்டாகளா? தேடிச் சலிச்சு வீட்டுக்குப் போவாக."

அனுப்பினார். பொழுது சாயும்போது தாய் புளியங்கிளையிலிருந்து மாமரத்துக்குத் தாவி, கூட்டுக்குள் நுழைந்தது. செத்த நேரத்தில் கூட்டுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. தங்கச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு பைக்கும் வரவில்லை. போனில்தான் வந்தது. "அப்பவே சொன்னேன்ல மிலிட்டரி. பார்டர்லயும் எதிரிய இப்படித்தான் அடையாளம் கண்டீங்களா?" என்று வல்லரசு எழுதியிருந்தான். அதற்கடியில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

அங்காளம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "வாயில போட்டாப்ல ஒரு பதில் எழுதுங்க" என்றாள்.

தங்கச்சாமி மாமரத்து உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ஆமாம் தம்பி" என்று எழுதி அனுப்பிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.