பளபளக்கும் செவிடு

மட்டாஞ்சேரியில் வெங்கடேஸ்வரனின் பழைய கருவிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து காளியம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. மேசைமேல் ஒன்றுக்கு இரண்டாக ஸ்பெக்ட்ரம் அனலைசர்! காற்றில் வரும் ரேடியோ அலைகளைத் திரையில் மேடு மேடாக வரைந்து காட்டும் கருவி.

அவள் நகரசபையில் தெருவிளக்கு எலக்ட்ரீஷியன். மிச்ச நேரமெல்லாம் அமெச்சூர் ரேடியோதான். போன மாதம் ரேடியோ கிளப்பின் அனலைசரில், பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை இடையில் போடாமல், பத்து கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரை அவசரத்தில் நேராகச் சொருகி அதன் உயிரை வாங்கியவளும் அவள்தான். யாரும் திட்டவில்லை. "வேற மிஷின் நீயே பாத்து எடு" என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். இதிலும் சொதப்பினால் கிளப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மேசைமேல் இருந்த இரண்டில் ஒன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. மற்றதற்குத் திரை மங்கல், குமிழ்களில் ஒன்றைக் காணோம்.

"இத எடுத்துக்கோ காளி. எஃப்எம் ஸ்டேஷனெல்லாம் என்ன அழகா காட்டறது, பாரு" என்றார் வெங்கடேஸ்வரன், மினுங்கியதைத் தட்டி.

அழகாகத்தான் காட்டியது. 'சரி' என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆளைக் கண்டு மயங்காதே, ஊதுகாமாலை; மினுக்கு நோயின் வீக்கமாகவும் இருக்கலாம் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம், சாமி."

பையில் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சென்சாரை எடுத்தாள். துணிக்கடையின் தானாகத் திறக்கும் கதவிலிருந்து கழற்றிப் போட்டது. ஆள் வருவதை அறிய அது விடும் அலை பத்தரை கிகாஹெர்ட்ஸ். பேட்டரியை இணைத்து, மினுங்கியின் முன்னால் நீட்டினாள். திரையில் அசைவே இல்லை. கிட்டக் கொண்டுபோனாலும் இல்லை. எஃப்எம் போன்ற கீழ் அலைக்குக் காது உண்டு, மேல் அலைக்குச் செவிடு.

இந்த நோய் அவளுக்குத் தெரிந்த நோய். கருவியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் கிளப்பின் பெயர், அவள் கையெழுத்திலேயே.

"சாமி, இது எங்கேந்து கிட்டியது?"

"ஆக்ரிக்காரன், பழைய சாமான் எடுக்கறவன், கொண்டுவந்தான். மேல்மூடி மட்டும் மாத்தினேன். ஏன், நன்னா இல்லியா?"

"இத நாந்தான் சாமி கொன்னது!"

வெங்கடேஸ்வரன் குடித்துக்கொண்டிருந்த சாயா மூக்கில் ஏறியது.

அடுத்து மங்கல்காரன். சென்சாரை நீட்டியதுதான் தாமதம், திரை நடுவில் விர்ரென்று ஒரு மேடு எழுந்தது. "அடிச்சு மோளே!" என்று மலையாளத்தில் தன்னையே மெச்சி காளியம்மை ஒரு குதி குதித்தாள்.

"டிரான்ஸ்மிட்டரும் கொண்டுவந்திருக்கியே, அதையும் பாத்துடேன்" என்றார் அவர்.

சொல்லி முடிக்குமுன் அவள் கை கேபிளோடு பாய்ந்துவிட்டது. அனலைசரின் துளைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

கேபிளைக் கீழே வைத்தாள். பையைத் துழாவி அட்டெனுவேட்டரை எடுத்து, அனலைசரின் வாயில் மாட்டி, கையால் கழற்ற முடியாதபடி ஸ்பேனரால் இறுக்கினாள். பிறகு அந்த ஸ்பேனரை வெங்கடேஸ்வரன் கையில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும், சாமி. நான் கேட்டாலும் தராதீங்க."