பாதி ரொட்டி

பயிற்சி அலுவலகத்தில் மேசை, சுழல் நாற்காலி, ஞாயிறு விடுமுறை. வேண்டாம் என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது? வலிக்கிற முழங்காலைக் கேட்டால் இன்றே கிளம்பச் சொல்லும்.

கொரீன் இப்படி நினைத்தபடியே வெர்னாவின் கையில் நரம்பைத் தேடினாள். வெர்னா தன் சமையலறைத் தரையில் வியர்வையில் நனைந்து கிடந்தாள். கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. ரத்தச் சர்க்கரை முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. காலையில் இன்சுலினைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கோழிகளைப் பார்க்கப் போயிருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரி பார்த்துவிட்டு போன் செய்திருந்தாள்.

ஊசி ஏறியது. டூலி குளுக்கோஸ் பையை உயர்த்திப் பிடித்தான். தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறவன் அவன். அதிலேயே வரும் மருத்துவ உதவியாளர் கொரீன். இந்த மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்தச் சிவப்பு வண்டி வந்துவிடும்.

"மத்தியானத்துக்குள்ள சீஃபுக்குப் பதில் சொல்லணுமாமே? நீ ஆபீஸுக்குப் போயிட்டா என்னை யாரு திட்டுவா?" என்றான் டூலி.

"ஆபீஸ்லயும் போன் இருக்கு. பையைத் தாழ்த்தாதே."

அவள் வெர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகள் துடித்தன. பார்வை எங்கெங்கோ அலைந்து மெல்ல அவள்மேல் வந்து நின்றது. ஆள் திரும்பி வருகிற இந்தக் கணத்தைப் பற்றிப் பதினெட்டு வருடத்தில் அவள் யாரிடமும் பேசியதில்லை. பிறருக்காகச் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தனக்கு இது ஓர் ஆசை என்று எப்படிச் சொல்வது?

"வீடு எரியலையே," என்றாள் வெர்னா, குழறலாக. "எதுக்கு இத்தனை பெரிய வண்டி? என் பூச்செடியை மறுபடியும் மிதிச்சீங்களா?"

"டூலிதான் மிதிச்சான்."

"போன தடவையும் இந்தத் தடியன்தான்."

டூலி தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான். சர்க்கரை நூற்றுப் பதினெட்டுக்கு ஏறியிருந்தது. மருத்துவமனைக்கு வர முடியாது என்று வெர்னா தாளில் கையெழுத்துப் போட்டாள். ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. ஊசியில் போன சர்க்கரை சீக்கிரம் கரைந்துவிடும். வயிற்றில் ரொட்டி விழாமல் இவர்கள் வண்டி ஏறுவதில்லை. ஊசி போட்டவர்தான் ரொட்டியும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் தீயணைப்பு நிலையத்தின் வழக்கம்.

கொரீன் யோசிக்காமலே இரண்டாவது அலமாரியைத் திறந்தாள். வேர்க்கடலை வெண்ணெய் அங்கேதான் இருந்தது. கத்தி எங்கே என்றும் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அதை உணர்ந்ததும் சிரிப்பு வந்தது. முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஓரத்தை வெட்டிடு," என்றாள் வெர்னா.

"ஓரத்தையும் சேர்த்துச் சாப்பிடுங்க."

பாதி ரொட்டி உள்ளே போனபோது கைப்பேசி ஒலித்தது. நிலையத் தலைவர், சீஃப் ப்ரெஸ்காட்.

"கொரீன், பயிற்சி அலுவலகச் சாவி என் கையிலதான் இருக்கு. உனக்காக ஜன்னலோர மேசை போட்டிருக்கேன். ரெண்டு மணிக்கு வந்துடுறியா?"

வெர்னா மீதி ரொட்டியை மெதுவாக நாய் பக்கம் நகர்த்துவதை கொரீன் பார்த்தாள். தட்டைப் பிடித்து மறுபடியும் அவள் முன்னால் வைத்தாள்.

"அந்த மேசையை வேற யாருக்காவது குடுத்துடுங்க, சீஃப்," என்றாள், குரலை உயர்த்தாமல். "நான் வரலை."