தண்ட உதைப் புள்ளியின் மண்

வட இங்கிலாந்தின் குன்றுகள் மேகப் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு துயில, நெசவாலைப் புகைபோக்கிகள் புகைக்க ஏதுமின்றி வெறுவானைச் சுட்டி நிற்க, இலையுதிர் காலத்து ஈரக் காலையொன்றில், தொண்ணூற்றாறு ஆண்டுகள் திரெல்பெக் நகரின் தொண்டையாய் முழங்கிய கார்கேட் கால்பந்து ஆட்டரங்கம், பற்கள் பிடுங்கப்பட்ட வாய்போலப் பிளந்து கிடந்தது.

சாயப்பட்டறைகள் கொட்டிய கசடுமேட்டைச் சமன்செய்து, ஆலைத் தொழிலாளர் தம் ஓய்வுநாளெல்லாம் மண்சுமந்து எழுப்பிய அரங்கம் அது. முதல் உலகப்போர் அதன் ஆட்டக்காரருள் எழுவரை விழுங்கியது. இரண்டாம் போரில் அதன் பசும்புல்லைப் பெயர்த்து உருளைக்கிழங்கு பயிரிட்டனர். முப்பதாயிரவர் மூச்சுமுட்ட நெருங்கி நின்ற படிகளில், பின்னாளில் மூவாயிரவர் மழையில் நனைந்தனர். படிகள் உளுத்தன என ஆய்வாளர் எழுதியதும், கழகத்தார் நெடுஞ்சாலையோரம் புதியதொன்றைக் கட்டிப் பழையதை அங்காடிக்காரர்க்கு விற்றனர்.

தென்மூலையில் மண்வாரி எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதையே இமையாது நோக்கி நின்றார் வில்ஃப் ஓல்ராய்டு, முப்பத்துநான்கு ஆண்டுகள் அக்களத்தின் புல்லைப் பேணியவர்.

எந்திரத்தை ஓட்டிய கீத், பகையூராம் பிராம்வித்தைச் சேர்ந்தவன். தலையை வெளியே நீட்டினான்.

"என்ன பெருசு, அழுவுறியா? உங்க ஆளுங்க கோலுக்குள்ள ரெண்டு பந்து அடிச்சிருந்தா நான் எதுக்கு இடிக்க வரப்போறேன்?"

"நீ வேலையப் பாருடா. உங்க ஊருல கோல் எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

நகைப்பு அவர் உதட்டோடு நின்றது. அம்மூலையில்தான் அவருடைய மறைபொருள் இருந்தது.

கழகத்தின் மேல் உயிரை வைத்திருந்தோர் இறந்தால், அவர்தம் சாம்பலை ஆடுகளத்தில் இடுவது அந்நகரத்து வழக்கம். ஒருவர்க்கு நடுவட்டம், ஒருவர்க்கு இலக்குவாயில், எனிட் என்னும் மூதாட்டியின் கணவர் பெர்சிக்கு, பெனால்டி அடிக்கும் தண்ட உதைப் புள்ளி. ஆனால் எரிந்த எலும்பின் உவர்ப்பு புல்வேரைச் சுட்டுவிடும். முதன்முதல் இட்ட சாம்பல் இலக்குவாயிலையே சொட்டையாக்க, அதில் வழுக்கி இலக்குக்காவலன் தோள் முறிந்தான். பழி ஓல்ராய்டின் தலையில் விழுந்தது. அன்றுமுதல், சுற்றத்தார் கண்முன் புல்லைத் தூக்கிச் சாம்பலை இட்டு, அவர்கள் கண்ணீர் துடைத்து அகன்றபின், அதைத் தோண்டியெடுத்துத் தென்மூலைக் கொடிக்குப் பின்னால் புதைத்துவந்தார். இவ்வாறு நாற்பத்தொருவர்.

களம் முழுதும் தோண்டப்படுமுன் அவரவர் இடத்து மண்ணை அவரவர் எடுத்துச்செல்லலாமெனக் கழகத்தார் அறிவித்தனர். அவ்வாரம் முழுதும் நாற்பது குடும்பத்தார் வந்து, வெறும் மண்ணைப் பெட்டகம்போல் நெஞ்சோடணைத்துச் சென்றனர். ஓல்ராய்டு வாய்திறந்தாரல்லர். கடைசியாய் வாளியும் சிறுகரண்டியுமாய் வந்தவள் எனிட்.

"தள்ளு வில்ஃப், முட்டி வலிக்குது, சீக்கிரம் தோண்டிட்டுப் போறேன்." புள்ளியருகே மண்டியிட்டாள். "எவனாவது பெனால்டிய வெளிய அடிச்சா, என் பெர்சிதான் காலத் தட்டிவிட்டான்னு சொல்லுவேன். பதினஞ்சு வருசமா பக்கத்துல நிக்கிறவங்கள்லாம் சிரிப்பாங்க."

தென்மூலையில் இரும்புக்கை தாழ்ந்தது; எழுந்தது. சரக்குந்து நிறைந்து, வாயிலைக் கடந்து, நகரச் சந்தடியில் மறைந்தது. இரண்டாம் வண்டி பின்புறமாய் வந்து நின்றது.

"எனிட்... நிறுத்துங்க. அவரு அங்க இல்ல."

அவள் சிரித்தாள். "பின்ன, மதுக்கடைக்கா போயிட்டான்?"

அவர் சொன்னார். புல்லைப் பற்றி, முறிந்த தோளைப் பற்றி, மூலையைப் பற்றி. பின்பு கையை ஆட்டிக் கத்தவே, கீத் எந்திரத்தை அணைத்து இறங்கி வந்தான். செய்தி கேட்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"மொத லோடு போயிருச்சே, பெருசு. இந்நேரம் புதுசா போடுற ரோட்டுக்கு அடியில கொட்டியிருப்பாங்க. பாதிதான் மிச்சம்."

அதற்குள் சற்று நிரம்பியிருந்த வாளியை எனிட் கவிழ்த்தாள். பதினைந்து ஆண்டு நம்பிய மண், மற்ற மண்ணோடு மண்ணாயிற்று. மூலைக்குச் சென்று, எஞ்சியதை வெறுங்கையால் அள்ளி வாளியிலிட்டாள்.

"இதுல பெர்சி இருக்கானா?"

"தெரியல எனிட்."

"இத்தன வருசம் வாய்கூசாமப் பொய் சொன்னவன்தானே நீ? இருக்கான்னு இப்ப ஒண்ணு சொல்லித் தொலையேன்."

ஓல்ராய்டு மண்டியிட்டு, தாமும் ஒரு கைம்மண் அள்ளி அவள் வாளியிலிட்டார்.

"சரி. மத்த நாப்பது வீட்டுக்கும் நீயே போ. இன்னைக்கே போ. நான் சொல்ல மாட்டேன்."

வாளியை இருகையாலும் ஏந்தி அவள் நடந்தாள்; திரும்பிப் பார்த்தாளில்லை. கீத் தன் உணவுப்பெட்டியை வெறுமையாக்கி, மூலையின் மண்ணை அதில் நிரப்பி, கிழவர் கையில் கொடுத்தான்.

நற்புல் வாழவேண்டுமென்று நாவை அடக்கினார் அம்மனிதர். அந்தப் புல்லோ அன்று பொழுது சாயுமுன் சேற்றோடு புரண்டது. உரிய பொழுதில் உரைத்திருந்தால் மெய் ஒரு குடும்பத்தின் கோபத்தோடு கழிந்திருக்கும். காலங்கடந்து உரைத்ததற்கோ நாற்பது வாயிற்படிகளை ஏறவேண்டியதாயிற்று. முதல் வீட்டின் கதவைத் தட்டியபோது, உள்ளே மாடத்தின்மேல், மலர்கள் சூழ, யாருமில்லாத மண் நிறைந்த கண்ணாடிக் குடுவையொன்று பலகணி வழியே தெரிந்தது. காலடியோசை கதவை நெருங்கிவந்தது.