பராகாஸ் குடும்பத்துப் பெருமை

டோலோரஸ் ஊரில் கால் வைத்ததிலிருந்தே ஹெனோவேவா பராகாஸுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ஒரு பாதிரியார் கோயில் மணியை அடித்து விடுதலைப் போரைத் தொடங்கிவைத்தாராம். அதற்காக டீக்கடைக்கும் சலூனுக்கும் கூடவா சுதந்திரம் என்று பெயர் வைப்பார்கள்? தூ, இதெல்லாம் ஒரு ஊர்! லெயோன் நகரத்தில் மூன்று செருப்புக்கடை வைத்திருப்பவள் அவள். மகள் ரெபேக்காவோ இந்த ஊர் ஐஸ்காரன் மகனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிடத்தான் அவளோடு வந்திருந்தாள்.

பையனின் அப்பா எலூத்தேரியோ, சதுக்கத்தில் ‘கமாச்சோ ஐஸ்’ என்ற பலகைக்குக் கீழே வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். குட்டிக் கரண்டி ஒன்றை நீட்டினார்.

“இறால் ஐஸ், சம்பந்தியம்மா. வாங்குறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பாக்கணும். இங்க அதான் வழக்கம்.”

“யாருக்கு யாரு சம்பந்தி? இறாலைக் கொண்டுபோய் ஐஸ்ல போடுற வீட்டுக்குப் பொண்ணு குடுக்க எனக்கென்ன பைத்தியமா?”

“அம்மா, சும்மா இரும்மா,” என்றாள் ரெபேக்கா. கண் கலங்கியிருந்தது.

“நீ பேசாதடி. எங்க பரம்பரை தெரியுமாய்யா உங்களுக்கு? அன்னிக்கு விடியக்காலம் பாதிரியாரோட கிளம்பின மொத கூட்டத்துல எங்க மாத்தியாஸ் பராகாஸும் ஒருத்தர். உங்க கமாச்சோ அப்ப எங்க இருந்தாரு?”

எலூத்தேரியோவின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. “மாத்தியாஸா?” என்றவர் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். “பழசெல்லாம் எதுக்கும்மா. பசங்களுக்குப் பிடிச்சிருக்கு, அது போதாதா?”

“மழுப்புறாரு பாரு. அந்தப் பேரெல்லாம் எங்கயோ எழுதி வச்சிருக்காங்களாமே?”

“பழைய ஜெயில் சுவத்துல. வேணாம்மா, வெயில் ஏறுது.”

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா அவள்? மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

ஜெயில் சுவரில் பொறித்திருந்த பட்டியலுக்கு முன்னால் போய் நின்றாள். “சத்தமா படிடி. இவரு காதுல விழட்டும்.”

ரெபேக்கா படித்தாள். “அன்று பாதிரியார் திறந்துவிட்ட கைதிகள்.” நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். “ஏழாவது, மாத்தியாஸ் பராகாஸ். குற்றம், கழுதை திருட்டு. பறிகொடுத்தவர், ஆந்த்ரேஸ் கமாச்சோ.”

ஹெனோவேவா தானே கிட்டே போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அதேதான் எழுதியிருந்தது. அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்த கிழவன், கழுதைக் களவாணி.

“எங்க ஊர்ல இந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம்,” என்றார் எலூத்தேரியோ மெதுவாக. “பராகாஸ்னு பையன் சொன்ன அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். அந்தக் கழுதையை நாங்க மனசுல வச்சுக்கல, சம்பந்தியம்மா.”

இந்த முறை அந்த வார்த்தைக்கு அவள் சீறவில்லை. விடுவிடுவென்று சதுக்கத்துக்குத் திரும்பி, பலகைக்குக் கீழே போய்க் கையை நீட்டினாள். அவர் கரண்டியைக் கொடுத்தார். நாக்கில் வைத்து, முகத்தை அஷ்டகோணலாக்கி, விழுங்கினாள்.

“கண்றாவி,” என்றாள். “கல்யாணத்துக்கு இதைக் கொண்டு வராதீங்க.”